பழைய காருக்குப் புது ரூஃப் லைனிங்: துணியைத் தொடுவதற்கு முன்னால் இருக்கும் வேலை

பழைய காரைத் தூக்கி நிறுத்துபவர்கள் எஞ்சினில் ஆரம்பித்து, பெயின்ட், சீட், தரை விரிப்பு என்று வந்து, ரூஃப் லைனிங்கை, அதாவது கூரையின் உட்பக்கத்தை மூடும் துணியை, கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். யாரைப் பார்த்தாலும் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன். லைனிங் ஒழுங்காக உட்கார வேண்டுமென்றால் முன் கண்ணாடி, பின் கண்ணாடி, கதவு பீடிங் (கதவு விளிம்பைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை), சீட், சன் வைசர் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். பசை கீழே சொட்டும். உள்ளே முட்டி போட்டும் மல்லாந்து படுத்தும் வேலை செய்ய வேண்டும். ஆகவே பெயின்ட் காய்ந்ததும், வேறு எதுவும் உள்ளே போவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. பெயின்ட்டுக்கு முன்னால் போட்டால் துணியில் தூசியும் பெயின்ட் சாரலும் ஏறும். எல்லாம் முடிந்த பிறகு போட்டால் புது சீட்டுக்கு மேலே பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

என் கார் 1960-களில் வந்த நான்கு கதவு செடான். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில், பீட்டில், மினி உட்பட, ரூஃப் லைனிங் தொங்கும் அமைப்புதான். துணியின் மேல்பக்கத்தில் குறுக்கே குழல்களாகத் தைத்திருப்பார்கள். பாவாடையில் நாடா கோப்பது போல ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு வளைந்த இரும்புக் கம்பி போகும். கம்பியின் இரண்டு முனைகளும் கதவுகளுக்கு மேலே ஓடும் சட்டத்தில் உள்ள ஓட்டைகளில் உட்காரும். துணியின் நான்கு ஓரங்களும் கண்ணாடிகளையும் கதவுகளையும் சுற்றியுள்ள தகட்டு விளிம்பில் ஒட்டப்பட்டு, மேலே பீடிங் வந்து மூடிவிடும். நடுவில் எங்கேயும் பசை கிடையாது. துணியை மேலே தூக்கிப் பிடிப்பது கம்பி, அதை விறைப்பாக வைத்திருப்பது ஓரம். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் வேலையில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

பின்னாளில் வந்த கார்களில் அச்சில் வார்த்த அட்டையின் மேல் நுரை வைத்த துணியை ஒட்டியிருப்பார்கள். அது வேறு வேலை. அங்கே துணி பிரிந்து தொங்குவதற்குக் காரணம் பசை அல்ல, நடுவில் இருக்கும் நுரைதான். பாலியூரித்தேன் நுரை வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் மாவாகிவிடும். அதன்மேல் எந்தப் பசையை அடித்தாலும் மாவைத்தான் பிடித்துக்கொள்ளும். அட்டையைக் கழற்றி, பழைய நுரையைத் தூரிகையால் முழுக்கத் தேய்த்தெடுத்து, நுரை வைத்த புதுத் துணியை ஒட்டுவதுதான் ஒரே வழி. குண்டூசி குத்துவது, சிரிஞ்சில் பசை ஏற்றுவது எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்.

தொங்கும் லைனிங்குக்கே வருகிறேன்.

என் காரில் இருந்தது வெள்ளை ரெக்சின். பின் கண்ணாடிக்கு மேலே கிழிந்து, ஓரங்கள் சுருங்கி விளிம்பைவிட்டு வந்துவிட்டன. ரெக்சினை மென்மையாக வைத்திருப்பது அதில் கலந்துள்ள பிளாஸ்டிசைசர். வெயில் படப்பட அது வெளியேறிவிடும், ரெக்சின் இறுகிச் சுருங்கும். பின் கண்ணாடி சாய்ந்திருப்பதால் அங்கேதான் வெயில் அதிகம் விழுகிறது, கிழிவதும் அங்கேயே ஆரம்பிக்கிறது. இப்படி இறுகிய ரெக்சினைச் சூடு காட்டி இழுத்து மறுபடி ஒட்டலாமா என்று பலர் கேட்பார்கள். கிழியாத இடமும் சேர்ந்து கிழியும். கிழிசல் பெரிதாக இருந்தால் முழுதாக மாற்றிவிடுங்கள்.

பழையதைக் கழற்றுவதை நான் மிக மெதுவாகச் செய்தேன், அந்த நிதானத்துக்குப் பலன் கிடைத்தது. பழைய துணிதான் உங்களிடம் உள்ள ஒரே வரைபடம். அது எந்த விளிம்பில் எவ்வளவு மடங்கியிருந்தது, குழல் ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் தள்ளித் தொடங்குகிறது, கூரையைத் தாங்கும் தூண்களில் எந்த இடத்தில் முடிகிறது, எங்கே வெட்டுவிட்டு மடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கத்தியால் கிழித்துப் போட்டால் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு மூலையையும் பிரிப்பதற்கு முன் ஒரு படம், பிரித்த பிறகு ஒரு படம் எடுத்து வையுங்கள். புது லைனிங் காரில் பொருத்தப்படும் வரை பழையதைத் தூக்கி எறியவே வேண்டாம்.

அதைவிட முக்கியம் கம்பிகள். வெளியே எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் நீளமும் வளைவும் வேறு வேறு என்பது புரியும். கூரையின் வளைவு முன்னிருந்து பின்வரை மாறிக்கொண்டே போவதால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கம்பி. இடம் மாறிப் போட்டால் துணி ஓரிடத்தில் தலையை உரசும்படி இறங்கும், இன்னோரிடத்தில் கம்பி தகட்டில் முட்டிக் கீச்சிடும். ஆகவே கம்பி காரில் இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பைச் சுற்றி எண், முன்பக்கம் எது, இடது எது என்று எழுதிவிட்டுத்தான் கழற்றினேன். இன்னொரு விஷயம்: சில கார்களில் ஒரே கம்பிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் இருக்கும். தொழிற்சாலையில் எதில் மாட்டியிருந்தார்களோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பியை நேராகக் கீழே இழுத்தால் வராது, வளைந்துவிடும். நடுப்பகுதியைப் பிடித்து முன்பக்கமோ பின்பக்கமோ சாய்த்தால் விறைப்பு தளர்ந்து முனை தானாக ஓட்டையிலிருந்து வெளியே வரும்.

என் பழைய துணியில் குறுக்கே பழுப்புக் கோடுகள் இருந்தன. சிகரெட் புகைக் கறை என்று தம்பி சொன்னான். கம்பி போகும் கோட்டில் மட்டும் இருந்ததால் அது துரு. கம்பிகளை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, நன்றாகக் காயவிட்டேன். பெயின்ட் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தாலும் புதுத் துணியில் ஒட்டும், கறை ஏறும், கோக்கும்போது குழலுக்குள் சிக்கும். முனைகளில் வரும் ரப்பர் புஷ்களையும் புதிதாகப் போட்டேன். பழையவை இறுகி விரிந்திருந்தால் ஓட்டும்போது கம்பி தாளம் போடும்.

துணியும் கம்பியும் வெளியே வந்ததும் கூரைத் தகடு கண்ணுக்குத் தெரியும். அந்தக் காரின் ஆயுளில் இப்படிப் பார்ப்பதற்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் வாய்ப்பு வரும். தூசு முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பல வருடத் தூசி, எலி எச்சம், உதிர்ந்த பஞ்சு எல்லாம் முகத்தில் விழும். சில பழைய கார்களின் ஒலித்தடுப்புப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. நார்நாராக, சாம்பல் நிறத்தில் எதையாவது கண்டு சந்தேகம் வந்தால் சுரண்டாதீர்கள், பரிசோதித்த பிறகே கை வையுங்கள்.

என் காரில் இருந்தது வெறும் ஃபெல்ட், அதாவது அழுத்திய பஞ்சு போன்ற கனத்த துணி. அது ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் தகட்டில் மேலோட்டமான துரு படர்ந்திருந்தது. இரவில் தகடு குளிர்ந்ததும் காருக்குள் உள்ள ஈரம் அதில் நீராகப் படியும். ஃபெல்ட் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, ஃபெல்ட்டுக்குப் பதிலாக நீர் உறிஞ்சாத மூடிய துளை நுரைத் தாளை ஒட்டினேன். வெப்பமும் குறைகிறது, மழை பெய்யும்போது தகரக் கொட்டகைக்குள் இருக்கும் சத்தமும் அடங்குகிறது. ஆனால் தடிமனில் ஆசைப்படக் கூடாது. கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளியை அளந்து, அதைவிட மெல்லியதாக வாங்குங்கள். தடிமனாகப் போட்டால் கம்பியைக் கீழே தள்ளும், துணியின் அளவே மாறிவிடும். கம்பி வரும் கோட்டில் நுரை இல்லாமல் விட்டு, அங்கே மெல்லிய துணி டேப் மட்டும் ஒட்டுவது இன்னும் நல்லது.

உள் விளக்கின் வயரையும் இப்போதே மாற்றிவிட வேண்டும். பழைய வயரின் உறை தொட்டால் உதிர்கிறது என்றால் அதை மூடிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. புது வயரை இழுத்து, பல்பை மாட்டி எரியவிட்டுப் பார்த்த பிறகே மேற்கொண்டு போனேன். பிற்பாடு ஏதாவது வயர் தேவைப்படலாம் என்று தூணுக்குள் ஒரு நைலான் கயிறும் விட்டு வைத்தேன்.

அப்புறம், எனக்கு மிகவும் உதவிய ஒரு சின்ன வேலை. சன் வைசர், உள் கண்ணாடி, கைப்பிடி, கோட் கொக்கி எல்லாவற்றின் திருகுகளையும் அவற்றின் ஓட்டைகளிலேயே பாதி முறுக்கி விட்டுவிடுங்கள். துணி ஏறிய பிறகு விரலால் தடவினால் திருகின் தலை தட்டுப்படும். அதற்கு நேராகச் சின்ன வெட்டு விட்டால் போதும். இல்லையென்றால் விறைத்து நிற்கும் புதுத் துணிக்கு அடியில் ஓட்டையை ஊசியால் குத்திக் குத்தித் தேட வேண்டியிருக்கும். தவறான குத்து ஒவ்வொன்றும் கடைசிவரை தெரியும்.

துணி விஷயத்தில் என் கருத்து இது: கார் எதோடு வந்ததோ அதையே போடுங்கள். கம்பளித் துணி நீராவிக்கு வளைந்து கொடுக்கும், மூலைகளில் அழகாக அடங்கும், ஆனால் ஈரமும் வாசனையும் பிடித்துக்கொள்ளும். ரெக்சின் துடைக்க எளிது, சூட்டில் நன்றாக இழுபடும், ஆனால் ஒரு முறை மடிப்பு விழுந்தால் அழுத்தமாக விழும். சின்னத் துளைகள் போட்ட ரெக்சின் உள்ளே எழும் சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும். எதுவானாலும் வாகனத்துக்குள் போடவென்று தயாரித்ததாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்ற விதி, காருக்குள் இருக்கும் துணியில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு விற்கும் துணிகள் கிடைக்கின்றன. தலைக்கு மேலே இருக்கும் துணி என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குழல் தைத்துத் தயாராக வரும் லைனிங் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வந்ததும் மடிப்பிலேயே வைக்காமல் விரித்துப் போடுங்கள். பழையதின்மேல் வைத்து, குழல்களின் இடைவெளி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவசியம். ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பும் காலம் அதுதான், பசை பட்ட பிறகு யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ரெக்சின் என்றால், பொருத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் இளவெயிலில் போட்டு வையுங்கள். குளிர்ந்த ரெக்சினை இழுத்து ஒட்டினால் முதல் வெயிலிலேயே தளர்ந்து தொங்கும். சூடாக இருக்கும்போது இழுத்து ஒட்டியது ஆறும்போது தானே இன்னும் விறைக்கும்.

துணியின் நடுக்கோட்டை முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் சாக்பீஸால் குறியுங்கள். காரிலும் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டின் நடுவையும் அளந்து டேப் ஒட்டுங்கள். பால்பாயின்ட் பேனா மட்டும் வேண்டாம், மை ரெக்சினுக்குள் ஊறி ஒரு நாள் மறுபக்கம் வந்துவிடும்.

கம்பிகளைக் கோத்து, மொத்தத்தையும் உள்ளே கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். தம்பி பின் சீட் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். கடைசிக் கம்பியில் ஆரம்பித்து முன்னோக்கி வந்தோம். பல கார்களில் கடைசிக் கம்பி ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கும். முன்னால் இழுக்கும்போது எல்லாக் கம்பிகளும் சாய்ந்து வராமல் பிடித்துக்கொள்வது அந்தக் கொக்கிதான், அதை விட்டுவிடக் கூடாது. எல்லாக் கம்பிகளும் ஏறியதும் துணி சுருக்கமும் தொய்வுமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம்.

பசையை இப்போது எடுக்காதீர்கள். பைண்டர் கிளிப்புகளை நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு அவைதான் உயிர். முதலில் முன் விளிம்பின் நடுவில் ஒரு கிளிப், பின் விளிம்பின் நடுவில் ஒரு கிளிப். பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகப் போக வேண்டும். ஒரே இழுப்பில் முழு விறைப்பைக் கொண்டுவர முயலாமல், முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று கிளிப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம். “அண்ணா, இன்னும் இழுக்கணுமா?” என்று அவன் கேட்கும்போதெல்லாம் நான் கம்பிகளைத்தான் பார்த்தேன். கம்பி செங்குத்தாக நின்றால் இழுப்பு சமம். முன்பக்கம் சாய்ந்தால் முன்னால் அதிகம் இழுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

நீளவாக்கில் விறைப்பு வந்த பிறகுதான் பக்கவாட்டு. பக்கவாட்டில் முதலில் தையல் கோடுகளைப் பிடித்து இழுக்க வேண்டும், அதுவும் கோட்டின் திசையிலேயே. தையல் நேராக நின்றால் லைனிங் பார்க்க நேர்த்தியாக இருக்கும். அதன்பிறகு இரண்டு தையலுக்கு நடுவே உள்ள பகுதியை மெதுவாக. இங்கே ஒரு தடை வரும். குழல் ஓரம்வரை தைக்கப்பட்டிருந்தால் துணியை விளிம்புக்குக் கொண்டுவர முடியாமல் கம்பி முனையில் சுருக்கம் நிற்கும். குழலின் முனையைக் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும், ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வெட்டி, இழுத்துப் பார்த்து, தேவையென்றால் இன்னும் கொஞ்சம். அதிகமாக வெட்டிவிட்டால் கம்பி முனை துணியைத் தாங்காது, அங்கே ஒரு தொய்வு நிரந்தரமாகிவிடும்.

சுருக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் இழுப்பு ஏற்கெனவே அதிகம். அதே திசையில் இன்னும் இழுத்தால் சுருக்கம் கூர்மையாகும். அதற்குக் குறுக்கே இழுத்தால் மறையும், அல்லது அந்தத் திசையில் இருக்கும் கிளிப்பைத் தளர்த்தினாலும் மறையும். மூலையிலிருந்து நடுவை நோக்கிக் கோணலாக ஓடும் சுருக்கங்களில் பெரும்பாலானவை, மூலையை அவசரப்பட்டு முதலில் பிடித்ததால் வருபவை. மூலைகளைக் கடைசிக்கு விட்டால் பாதிச் சுருக்கங்கள் வரவே வராது. எல்லாம் கிளிப்பிலேயே நிற்கும் நிலையில் வண்டியைச் சில மணி நேரம் வெதுவெதுப்பில் விட்டுவிட்டு வந்து பாருங்கள். தளர்ந்த இடங்கள் தெரியும். மறுபடி இழுத்து மாட்டுங்கள்.

பசைக்கு வருவோம். வெப்பம் தாங்கும் காண்டாக்ட் பசை வேண்டும், தூரிகையால் தடவும் வகை எனக்கு வசதியாக இருந்தது. வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். சாதாரண ஸ்பிரே பசை அந்தச் சூட்டில் இளகி விட்டுவிடும். துணியிலும் விளிம்பிலும் மெல்லிய பூச்சாக, ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தடவி, விரலில் ஒட்டாத நிலைக்குக் காயவிட்ட பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் வழுக்கும். ஒரு கிளிப்பைக் கழற்றி, அந்தச் சாண் அகலத்தை மட்டும் ஒட்டி, அடுத்த கிளிப்புக்குப் போவது என்று முன் நடுவிலிருந்தும் பின் நடுவிலிருந்தும் மாறி மாறிச் செய்தோம். ஒட்டிய இடத்தில் இழுப்பு போதவில்லை என்றால் சூடு காட்டிப் பிரித்து மறுபடி இழுக்கலாம். ஆனால் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கதவுகளைத் திறந்து வைத்து, ஆவி முழுக்கப் போன பிறகுதான் ஹீட் கன்னை எடுக்க வேண்டும். தூசு முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள முகமூடி தேவை.

முன் தூணுக்கு இறங்கும் மூலையில்தான் பொறுமை வேண்டும். அங்கே துணி ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் வளைகிறது. விளிம்புக்கு அந்தப்பக்கம் மறையும் பகுதியில் மட்டும் சின்னச் சின்ன வெட்டுகள் விட்டேன், வெட்டின் நுனி விளிம்புக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். வெட்டு விளிம்பைத் தாண்டினால் இழுக்கும்போது கிழிசல் உள்ளே ஓடிவரும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிக் கட்டைவிரலால் தடவித் தடவி அமர்த்தினால் ரெக்சின் அந்த வளைவை ஏற்றுக்கொள்கிறது. கம்பளி என்றால் சூட்டுக்குப் பதில் நீராவி.

மிச்சத் துணியைப் பசை முழுதாக இறுகிய மறுநாள்தான் வெட்டினேன். பீடிங்குக்கு அடியில் போகும் அளவுக்கு விளிம்பைச் சுற்றி மடக்கி ஒட்டிவிட்டு அதற்கு அப்பால் உள்ளதை மட்டும் வெட்ட வேண்டும். துணி கனமாக மடங்கி நின்றால் கண்ணாடி ரப்பர் சரியாக உட்காராது, மழைநீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். கண்ணாடியைத் திரும்பப் பொருத்தும்போது ரப்பரின் பள்ளத்தில் கயிறு வைத்து உள்ளிருந்து இழுப்பார்கள் அல்லவா, அப்போது ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கயிறு துணியை உரசாமல் ரப்பரை ஒட்டியே வர வேண்டும். முடிந்ததும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கண்ணாடியைச் சுற்றி அடித்துப் பாருங்கள். ஒரு துளி வந்தாலும் சீலன்ட் வைத்து அப்போதே அடைத்துவிடுங்கள், புதுத் துணியில் முதல் கறை அதுவாக இருக்கக் கூடாது.

சில நாள் வெயிலில் நின்ற பிறகு எனக்கு ஒரு பக்கத்தில் லேசான அலை மாதிரிச் சுருக்கம் தெரிந்தது. தள்ளி நின்று சூடு காட்டியதும் அடங்கிவிட்டது. சூட்டில் அடங்காத சுருக்கம் என்றால் அந்தப் பக்கத்துக் கதவு பீடிங்கைக் கழற்றி, அந்தச் சாண் அகலத்தை மட்டும் பிரித்து ஒட்டினால் போதும். சுத்தம் செய்ய ஈரத் துணியும் மிதமான சோப்பு நீரும் தாராளம். பிளாஸ்டிக்குக்குப் பளபளப்பு தரும் எண்ணெய்களை லைனிங்கில் அடிக்க வேண்டாம், ஓரத்தில் இறங்கிப் பசையை இளக்கிவிடும்.

ஓரங்களை முழுக்க ஒட்டாமல் கிளிப்பில் நிற்கும் கட்டத்தில், இழுப்பு சரிதானா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால், அனுபவமுள்ள ஒருவரை அழைத்துக் காட்ட அதுவே சரியான நேரம். அப்போது எல்லாவற்றையும் மாற்ற முடியும். கழற்றுவது, கம்பி தேய்ப்பது, கூரையைத் துரு நீக்குவது, வயர் இழுப்பது எல்லாவற்றையும் நீங்களே முடித்துவிட்டு, இழுத்து ஒட்டுவதை மட்டும் அவரிடம் விடுவதும் நல்ல வழிதான். பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்வது அந்த முன்வேலைகள்தான், அவற்றை நம் காருக்காக நம்மைவிடப் பொறுமையாக வேறு யாரும் செய்யப்போவதில்லை.